போர்க்கால மனநிலையைக் கிரிக்கெட் விளம்பரங்கள் காட்டுகின்றனவா?

கிரிக்கெட்டை அவ்வளவாகப் பார்க்காத நம்மவர்கள்கூட இந்தியா-பாகிஸ்தான் ஆட்டம் என்றால் அன்று மட்டும் தொலைக்காட்சி முன் உட்கார்ந்துவிடுவார்கள். ஆட்டத்துக்குப் பல நாள் முன்பே அதன் முன்னோட்ட விளம்பரங்கள் நம் வாட்ஸ்அப் குழுக்களுக்கு வந்து சேர்ந்துவிடும். அவற்றில் உள்ள கேலியையும் சீண்டலையும் பார்த்துவிட்டு, அங்குள்ள மக்கள் எல்லாரும் இப்படித்தான் கொதித்துப்போய் இருக்கிறார்கள் என்று நாம் எண்ணிவிடுகிறோம். அது சரிதானா?

முதலில் 2015 உலகக் கிண்ணம். ஸ்டார் ஸ்போர்ட்ஸ் அலைவரிசையின் 'மௌக்கா மௌக்கா' விளம்பரம் பலருக்கும் நினைவிருக்கும். உலகக் கிண்ணத்தில் இந்தியாவை வென்றால் வெடிக்கலாம் என்று 1992-இல் பட்டாசு வாங்கி வைத்த பாகிஸ்தான் ரசிகர், வயதாகியும் அந்தப் பெட்டியைத் திறக்க முடியாமல் ஏங்குவார். அப்போது இரு நாடுகளுக்கும் இடையே போர் எதுவும் இல்லை. ஆகவே, கேலிக்குப் போர் தேவைப்படவில்லை. பழைய விளையாட்டுப் பகையே போதுமானதாக இருந்தது. (அந்தப் பட்டாசுக்கு 2021 அக்டோபரில் துபாயில் வேளை வந்தது. டி20 உலகக் கிண்ணத்தில் பாகிஸ்தான் 10 விக்கெட்டில் வென்றது.)

2019-இல் நிலைமை வேறு. பிப்ரவரி 14-ஆம் தேதி புல்வாமா தாக்குதலில் 40 துணை ராணுவ வீரர்கள் உயிரிழந்தனர். 26-ஆம் தேதி இந்திய விமானங்கள் பாலகோட்டில் குண்டு வீசின. மறுநாள் விமானப்படை அதிகாரி அபிநந்தன் வர்த்தமான் பாகிஸ்தானிடம் பிடிபட்டார். அவர் சென்னையில் வசிக்கும் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை என்பதால், மார்ச் 1-ஆம் தேதி அவர் விடுதலையாகும் வரை உலகத் தமிழர்களும் பதைபதைப்போடு இருந்தார்கள்.

மூன்றரை மாதத்தில், ஜூன் 16-ஆம் தேதி மான்செஸ்டரில் உலகக் கிண்ண ஆட்டம். பாகிஸ்தானின் ஜாஸ் டிவி, அபிநந்தனைப் போல் மீசை வைத்த ஒருவருக்கு இந்திய அணியின் நீலச் சட்டையை மாட்டி, கையில் தேநீர்க் கோப்பையைக் கொடுத்து விளம்பரம் எடுத்தது. எழுந்து போகிறவரிடம் 'கப்'பைப் பிடுங்கிக்கொள்வார்கள். உலகக் கிண்ணம் கிடையாது என்று பொருள். இந்தியாவில் ஸ்டார் ஸ்போர்ட்ஸ், அன்று தந்தையர் தினம் என்பதை வைத்து, 'உனக்கு அப்பன் நான்' என்ற பாணியில் பதிலுக்கு ஒன்றை ஓட்டியது. இரண்டும் மட்டமானவை என்று டென்னிஸ் வீராங்கனை சானியா மிர்சா வெளிப்படையாகவே சாடினார்.

பிடிபட்ட ஒருவரின் அவமானம் சிரிப்புப் பொருளாகிவிட்டது. புல்வாமாவில் மகனைப் பறிகொடுத்த குடும்பங்களின் துக்கமோ இரண்டு விளம்பரங்களிலும் இல்லை. போர்க்காலத்தில் மக்கள் மனத்தில் கோபமும் இருக்கும், பயமும் இருக்கும், இழவு வீட்டின் கனமும் இருக்கும். விளம்பரக்காரர் அதில் விற்கக்கூடியதை மட்டும் எடுத்துக்கொள்கிறார்.

காரணம் வியாபாரம்தான். 2013 தொடக்கத்துக்குப் பிறகு இரு நாடுகளும் தனித் தொடரில் மோதியதே இல்லை. உலகப் போட்டிகளிலும் ஆசியக் கிண்ணத்திலும் மட்டுமே சந்திக்கின்றன. கிடைப்பது அரிது என்பதால் மதிப்பும் அதிகம். ஒளிபரப்பு உரிமையைப் பெரும் பணம் கொடுத்து வாங்கிய நிறுவனம், இடையில் வரும் ஒவ்வொரு விநாடி விளம்பர நேரத்தையும் விற்றாக வேண்டும். அதற்கு ரசிகரைச் சூடாக வைத்திருப்பது அதன் தேவை.

அந்தக் கணக்கு 2025-இல் பிசகியது. ஏப்ரல் 22-ஆம் தேதி பஹல்காமில் 26 பேர் கொல்லப்பட்டனர். மே 7-ஆம் தேதி இந்தியா தாக்குதலைத் தொடங்கியது. 10-ஆம் தேதி சண்டை நின்றது. இடையில் ஐபிஎல் போட்டியே ஒரு வாரம் நிறுத்தப்பட்டது. ஜூலையில் முன்னாள் ஆட்டக்காரர்களுக்கான போட்டியில் இந்தியா-பாகிஸ்தான் அரையிறுதி வந்தபோது, ஈஸ்மைட்ரிப் நிறுவனம் அந்த ஆட்டத்துக்கு ஆதரவு தர மறுத்து விலகியது. இந்திய அணியும் ஆடவில்லை.

இத்தனைக்கும் பிறகு, ஆசியக் கிண்ணத்துக்காக சோனி அலைவரிசை சேவாக்கை வைத்து வழக்கமான ஆரவாரத்தோடு முன்னோட்டம் வெளியிட்டது. இந்திய ரசிகர்களே சமூக ஊடகங்களில் கொதித்து எழுந்தார்கள். பிணம் எரிந்த சூடு ஆறுவதற்குள் இதை எப்படிக் கொண்டாட்டமாக விற்கிறீர்கள் என்பதே அவர்களின் ஆத்திரம். ஆட்டத்தைப் புறக்கணிக்க வேண்டும் என்ற குரலும் எழுந்தது. விளம்பரம் ஒரு பக்கமும் மக்கள் மறுபக்கமும் நின்றது அப்போது கண்கூடாகவே தெரிந்தது.

ஆட்டம் நடக்காமல் இல்லை. செப்டம்பர் 14, 21, 28 என்று துபாயில் மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் இரு அணிகளும் மோதின. மூன்றிலும் இந்தியா வென்றது. மூன்றிலும் இந்திய ஆட்டக்காரர்கள் எதிரணியினரோடு கைகுலுக்கவில்லை. இடைவேளைகளில் விளம்பரங்கள் வழக்கம்போல் ஓடிக்கொண்டிருந்தன.