படித்தது எங்கே போகிறது?

இந்த இதழைச் சற்றுக் கீழே வையுங்கள். சென்ற வாரம் வகுப்பில் நடந்த ஏதேனும் ஒரு பாடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். புத்தகத்தைத் திறக்காமல், அதில் நினைவுக்கு வருவதையெல்லாம் ஒரு தாளில் எழுதுங்கள்.

எழுதிவிட்டீர்களா? கால் பக்கம்கூட நிரம்பவில்லையா? இப்போது புத்தகத்தைத் திறந்து அதே பாடத்தைப் பாருங்கள். "அட, இதெல்லாம் எனக்குத் தெரிந்ததுதானே!" என்று தோன்றும். பார்த்தால் தெரிகிறது, பார்க்காமல் சொல்ல வரவில்லை. தேர்வுக் கூடத்தில் பார்க்காமல்தானே எழுத வேண்டும்? பொதுத் தேர்வு நெருங்கும்போது பாடத்தைத் திரும்பத் திரும்ப வாசிக்கும் மாணவர்கள் பலர் ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

மறதியை அளக்க முடியுமா? முடியும் என்று காட்டியவர் ஜெர்மானிய உளவியலார் ஹெர்மன் எபிங்ஹாஸ். அவருடைய ஆய்வுக்கு ஆட்கள் யாரும் இல்லை. தம்மையே ஆளாக வைத்துக்கொண்டார். முன்பே தெரிந்த சொற்களை மனப்பாடம் செய்தால் கணக்கு தவறிவிடும் அல்லவா? ஆகவே, 'பெவ்', 'நூக்', 'ஷோம்' என்பன போன்ற பொருளற்ற அசைகள் சுமார் 2300 தயாரித்தார். அவற்றை வரிசை வரிசையாக அடுக்கி, கடிகாரத்தின் 'டிக், டிக்' ஓசைக்கு ஏற்பப் படித்து உருப்போட்டார். சலிப்பூட்டும் வேலைதான்! ஆனால் ஆண்டுக்கணக்கில் செய்தார். முடிவுகளை 1885இல் நூலாக வெளியிட்டார்.

அவர் அளந்த முறை சுவையானது. ஒரு வரிசையைக் கற்க முதலில் 100 விநாடி ஆனது என்று வைத்துக்கொள்வோம். மறுநாள் அதையே மீண்டும் கற்க 66 விநாடி போதும் என்றால், 34 விநாடி மிச்சம். அந்த 34 சதவீதமே நினைவில் எஞ்சியதன் அளவு. இப்படிப் பார்த்தபோது 20 நிமிடத்தில் எஞ்சியது 58 சதவீதம். ஒரு மணி நேரத்தில் 44. ஒரு நாளில் 34. ஆறு நாளில் 25. ஒரு மாதம் கழித்து 21.

இந்த எண்களை வரைபடத் தாளில் குறித்துப் பாருங்கள். கோடு முதலில் மலைச் சரிவுபோல் இறங்கும். பிறகு ஏறக்குறைய சமதரையாக ஓடும். மறதியின் பெரும்பகுதி முதல் நாளிலேயே முடிந்துவிடுகிறது! 2015இல் நெதர்லாந்தில் இரு ஆய்வாளர்கள் இச்சோதனையை மறுபடி செய்தார்கள். ஏறத்தாழ அதே வளைகோடுதான் கிடைத்தது.

ஆனால் பயந்துவிடாதீர்கள். இது பொருளற்ற அசைகளின் கதை. பைரன் என்ற ஆங்கிலக் கவிஞரின் பாடல்களை எபிங்ஹாஸ் உருப்போட்டபோது, பத்தில் ஒரு பங்கு முயற்சியே தேவைப்பட்டது. பொருள் புரிந்த பாடம் மனத்தில் எளிதாக ஏறுகிறது. புரியாமல் நெட்டுருப் போடுபவர் தம் பாடத்தைத் தாமே 'பெவ்', 'நூக்' ஆக்கிக்கொள்கிறார்!

எபிங்ஹாஸ் இன்னொன்றும் கண்டார். பன்னிரண்டு அசை வரிசையை ஒரே மூச்சில் 68 முறை படித்ததால் கிடைத்த பயன், மூன்று நாட்களில் பிரித்து 38 முறை படித்தபோதே கிடைத்துவிட்டது. ஏறத்தாழ பாதி உழைப்பு மிச்சம்! ஏன் இப்படி? 'கடல் முயல்' எனப்படும் நத்தையின உயிரைக் கொண்டு எரிக் காண்டெல் நடத்திய ஆய்வுகள் இதற்கு ஒரு விளக்கம் தருகின்றன. பயிற்சியை நாட்கணக்கில் பிரித்துக் கொடுத்தபோது, அதன் நரம்பு செல்களுக்கிடையே புதிய இணைப்புகளே முளைத்தன. முளைக்கப் புதிய புரதங்கள் வேண்டும். அவை உருவாக நேரம் வேண்டும். நினைவு பற்றிய ஆய்வுகளுக்காக 2000ஆம் ஆண்டு நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர் காண்டெல்.

இனி, மிகவும் வியப்பான சோதனைக்கு வருவோம். அமெரிக்காவில் ரோடிகர், கார்ப்பிக் என்ற இருவர் 2006இல் வெளியிட்டது இது. கல்லூரி மாணவர்களுக்குச் சிறு கட்டுரைகள் கொடுக்கப்பட்டன. ஒன்று சூரியனைப் பற்றியது. மற்றொன்று கடல் நீர்நாயைப் பற்றியது. ஒரு குழு, ஐந்து ஐந்து நிமிடமாக நான்கு முறை கட்டுரையைப் படித்தது. இன்னொரு குழு ஒரு முறைதான் படித்தது. மீதி மூன்று முறையும் அவர்களுக்குக் கிடைத்தது வெற்றுத் தாள்! நினைவுக்கு வருவதை எழுத வேண்டும், அவ்வளவே.

ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தார்கள். நான்கு முறை படித்த குழு 83 சதவீதம் நினைவு வைத்திருந்தது. வெற்றுத் தாள் குழு 71தான். "படித்தவர்தானே ஜெயித்தார்?" என்பீர்கள். பொறுங்கள். வேறு சிலரை ஒரு வாரம் கழித்துச் சோதித்தார்கள். படித்த குழு 40க்கு இறங்கிவிட்டது. எழுதிப் பார்த்த குழுவோ 61 சதவீதத்தில் நின்றது!

இதில் ஒரு வேடிக்கை. "ஒரு வாரம் கழித்து உங்களுக்கு எவ்வளவு நினைவிருக்கும்?" என்று முன்னதாகவே கேட்டிருந்தார்கள். அதிக நம்பிக்கையுடன் பதில் சொன்னவர்கள், நான்கு முறை படித்தவர்களே. மீண்டும் வாசிக்கும்போது வரிகள் வழுக்கிக்கொண்டு ஓடுகின்றன. அந்தச் சுலபத்தை நாம் அறிவு என்று எண்ணிவிடுகிறோம். எழுதிப் பார்ப்பது கடினம். தலையைச் சொறிய வைக்கும். ஆனால் அந்தத் தேடல்தான் நினைவை உறுதியாக்குகிறது. இது கல்லூரி மாணவர்களுக்கு மட்டும் பொருந்துவதன்று. 1939லேயே அயோவா மாநிலத்தில் ஆறாம் வகுப்பு மாணவர்கள் 3605 பேரிடம் ஸ்பிட்சர் என்பவர் சோதித்தார். படித்த உடனேயே ஒரு சிறு தேர்வு எழுதியவர்கள் குறைவாகவே மறந்தார்கள்.

2013இல் உளவியலார் சிலர் பத்துப் படிப்பு முறைகளை ஒப்பிட்டு மதிப்பிட்டார்கள். வண்ணப் பேனாவால் கோடிடுவதும் மறுவாசிப்பும் கீழ்ப்படியில் நின்றன. தன்னைத்தானே சோதிப்பதும் இடைவெளிவிட்டுப் படிப்பதும் மேற்படியில் இருந்தன. பக்கம் முழுவதையும் மஞ்சளாக்கி வைத்திருக்கும் நண்பர்கள் கவனிக்க!

அப்படியானால் வழிகாட்டி நூல்களும் பழைய வினாத்தாள்களும் வீணா? இல்லை. வினாவுக்குப் பக்கத்திலேயே விடையைப் பார்த்துக்கொண்டு போனால், அது வாசிப்புதான். விடையை மூடிவிட்டு எழுதிப் பார்த்தால் அதே நூல் வேறு கருவியாகிவிடும். எழுதிய பிறகு விடையைத் திறந்து சரிபார்க்க மறக்கக்கூடாது. இல்லையேல் தவறும் சேர்ந்து பதிந்துவிடும்.

இடைவெளி, சோதனை ஆகிய இரண்டையும் சேர்த்துச் செய்ய ஓர் எளிய கருவி உண்டு. செபாஸ்டியன் லைட்னர் என்ற எழுத்தாளர் 1972இல் தம் ஜெர்மன் நூலில் சொன்னது. ஒரு காலணி அட்டைப் பெட்டியை எடுத்து, அட்டைகளை வைத்து ஐந்து அறைகளாகத் தடுங்கள். முதல் அறை குறுகலாக இருக்கட்டும். போகப் போக அகலம் கூடட்டும். பழைய திருமண அழைப்பிதழ்களை வெட்டினால் நல்ல அட்டைகள் கிடைக்கும். ஒருபுறம் வினா, மறுபுறம் விடை. ஓர் அட்டைக்கு ஒரே வினா. 'ஒளிவிலகல் விதி யாது?', 'சோடியத்தை மண்ணெண்ணெயில் வைப்பது ஏன்?' என்பது போல. 'ஏன்' வினாக்கள் நிறைய இருக்கட்டும்.

எல்லா அட்டைகளும் முதல் அறையில் தொடங்கும். சரியாகச் சொன்னால் அட்டை அடுத்த அறைக்குப் போகும். தவறினால், நான்காம் அறையில் இருந்தாலும் நேராக முதல் அறைக்குத் திரும்ப வேண்டும்! முதல் அறையைத் தினமும் பாருங்கள். இரண்டாவதை இரண்டு நாளுக்கு ஒருமுறையும், மூன்றாவதை நான்கு நாளுக்கு ஒருமுறையும், நான்காவதை வாரம் ஒருமுறையும், ஐந்தாவதை இரு வாரத்துக்கு ஒருமுறையும் பார்த்தால் போதும். சில நாட்களிலேயே தெரிந்தவை பின்னால் போய்விடும். தொல்லை கொடுப்பவை மட்டும் முன்னால் நிற்கும்.

கணக்குப் பாடத்துக்கு இந்தப் பெட்டி அவ்வளவாக உதவாது. சூத்திரங்களை அட்டையில் எழுதலாம். கணக்கைத் தாளில்தான் போட்டுப் பார்க்க வேண்டும்.

நாங்கள் சொல்வதை அப்படியே நம்ப வேண்டாம், சோதித்துப் பாருங்கள். ஒரே அளவுள்ள இரண்டு பாடங்களைத் தேர்ந்தெடுங்கள். ஒன்றை 40 நிமிடம் வாசியுங்கள். மற்றொன்றைப் பத்து நிமிடம் வாசித்து, முப்பது நிமிடம் மூடிவைத்து எழுதுங்கள். ஒரு வாரம் இரண்டையும் தொடாதீர்கள். பிறகு நண்பர் ஒருவரை ஒவ்வொரு பாடத்திலிருந்தும் பத்து வினாக்கள் கேட்கச் சொல்லி, மதிப்பெண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். வகுப்பில் பத்துப் பேர் சேர்ந்து செய்தால் இன்னும் நல்லது; அப்போது ஐந்து பேர் பாடங்களை மாற்றி எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பாடம் மற்றதைவிட எளிதாக இருந்தால், அந்த வேறுபாடு அதனால் சரியாகிவிடும்.