மலைநடைக்கு ஒரு நேரக்கணக்கு

மலையேறும் சங்கத்தார் புறப்படுமுன் நேரத்தைக் கணக்கிடுவார்கள். இருட்டுமுன் எல்லோரும் இறங்கிவிட வேண்டுமே! 1892-ல் இதற்கொரு விதி வகுத்தவர், ஸ்காட்லாந்து மலையேறுவோர் சங்கத்தைச் சேர்ந்த வில்லியம் நைஸ்மித். மெட்ரிக் அளவில் சொன்னால், 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி. 600 மீட்டர் ஏற்றத்திற்குக் கூடுதலாக ஒரு மணி.

ஏற்றத்திற்கு ஏன் தனிக்கணக்கு? மூட்டையுடன் 70 கிலோகிராம் உள்ளவர் 600 மீட்டர் உயர, புவியீர்ப்பை எதிர்த்துச் செய்யும் வேலை நான்கு லட்சம் ஜூலுக்கும் அதிகம். தசைகள் செலவிடும் ஆற்றலோ அதைப்போல் நான்கைந்து மடங்கு! மிகுதி வெப்பமாகிறது, அதனால்தான் குளிரிலும் வியர்க்கிறது.

பென் நெவிஸ் சிகரம் 1345 மீட்டர். ஏறக்குறைய கடல்மட்டத்திலிருந்தே ஏறவேண்டும். பாதை சுமார் 8 கிலோமீட்டர். நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள். ஏறவே நான்கு மணி நேரத்தை நெருங்கும். ஓய்வும் உணவும் தனி. குழுவில் மெதுவாக நடப்பவரின் வேகமே எல்லோருக்கும் வேகம்.