கறன்ற் போய் வந்தால் எழும்பாத ஏ.சி: வெளி ரைமர் பூட்டுவது எப்படி?

சித்திரை வெய்யில் தொடங்கியதும் எனது திருத்தகத்துக்கு வரும் கேள்விகளில் ஒன்று கடந்த சில வருடங்களாக மாறவேயில்லை. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளையோ சகோதரமோ, சில்லுப் பூட்டி அறைக்கு அறை உருட்டிச் செல்லக்கூடிய ஏ.சி ஒன்றை வாங்கிக் கொடுத்திருப்பார்கள். அது இரவு பத்தரைக்குத் தானாகத் தொடங்கி, விடியப்புறம் தானாக நிற்க வேண்டும் என்பதற்காக வீட்டுக்காரர் கடையில் ஒரு ரைமரை வாங்கிச் சுவரில் செருகி, அதற்குள் ஏ.சியைச் செருகியிருப்பார். நேரம் வந்ததும் ரைமர் 'கிளிக்' என்று சத்தம் போடும். ஏ.சியில் சிறிய சிவப்பு வெளிச்சம் ஒன்று வரும். அவ்வளவுதான். குளிர் வராது.

இதில் ஏ.சியும் பழுதில்லை, ரைமரும் பழுதில்லை. பழைய ஏ.சிகளில் கையால் திருகும் குமிழ் இருந்தது. 'கூல்' என்ற இடத்தில் திருகிவிட்டால், கறன்ற் போய் வந்தாலும் குமிழ் அந்த இடத்திலேயே நிற்கும், இயந்திரம் தானாகத் தொடங்கும். இப்போதைய ஏ.சிகளில் இருப்பது மென்மையாகத் தட்டும் பொத்தான். அந்தப் பொத்தான் மின்சாரத்தை நேரடியாகத் திறப்பதில்லை. உள்ளே இருக்கும் சிறிய கணினிச் சில்லுக்கு "தொடங்கு" என்று சொல்ல மட்டுமே செய்கிறது. மின்சாரம் அறுந்தால் அந்தச் சில்லு எல்லாவற்றையும் மறந்துவிடும். திரும்ப வந்ததும் யாராவது பொத்தானைத் தட்டும்வரை காத்திருக்கும்.

"ஏ.சிக்குள்ளேயே ரைமர் இருக்கிறதே?" என்று கேட்பீர்கள். இருக்கிறது. ஆனால் பெரும்பாலானவற்றில் அது ஒருமுறை மட்டும் வேலை செய்யும், மறுநாள் திரும்பவும் பதிய வேண்டும். இடையில் ஒரு நொடி கறன்ற் போனாலும் பதிந்தது அழிந்துவிடும். 2022 மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணிநேரம் இருளில் இருந்தோம். 2025 பெப்ரவரி 9 அன்று பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு ஏறியதால் முழு இலங்கையும் இருண்டது. அப்படிப் பெரிதாக ஒன்றும் நடக்காத நாளில்கூட, மழையும் காற்றும் வந்தால் எங்கள் ஊர்ப்பக்கம் கறன்ற் கண் சிமிட்டும்.

வசதியானவர்களின் சில்லறைப் பிரச்சினை என்று இதை ஒதுக்கிவிட முடியாது. வலிகாமத்தில் நான் வேலை செய்த ஒரு வீட்டில், இறுதிப் போரில் செல் துண்டு பட்டுக் கழுத்துக்குக் கீழே உணர்வில்லாமல் போன ஒருவர் இருக்கிறார். முள்ளந்தண்டின் மேற்பகுதியில் காயப்பட்டவர்களுக்குக் காயத்துக்குக் கீழே வியர்க்காது. வியர்க்காவிட்டால் உடம்பால் தன்னைத்தானே குளிர வைக்க முடியாது, அறை சூடாகும்போது உடம்பும் சேர்ந்து சூடாகும். தகரக் கூரையோ சீற்றோ போட்ட வீட்டில், பகல் முழுவதும் ஏறிய வெக்கை நடுச்சாமம்வரை இறங்கிக்கொண்டே இருக்கும். கை அசையாதவரால் ரிமோட்டைத் தட்ட முடியாது. எழுபது வயதைத் தாண்டிய தாயார்தான் எழும்பித் தட்டுவார். "தம்பி, கறன்ற் போனது எனக்குத் தெரியாது. நான் நித்திரை. பிள்ளை கூப்பிட்டுக் கூப்பிட்டுக் களைச்சுப் போயிருப்பான்" என்றார் அவர். அந்த வீட்டுக்குத் தேவைப்பட்டது குளிரைவிட, யாரும் எழும்பாமலே திரும்பத் தொடங்கும் ஒரு ஏ.சி.

முதலில் செய்ய வேண்டியதற்கு ஆயுதம் எதுவும் தேவையில்லை. ஏ.சியைக் குளிர் நிலையில் ஓட விடுங்கள். ஓடிக்கொண்டிருக்கும்போதே சுவர்ச் சுவிச்சை நிறுத்துங்கள். ஐந்து நிமிடம் பொறுத்துத் திரும்பப் போடுங்கள். கையால் தொடாமலே அதே நிலையில், அதே வெப்ப அளவில் தொடங்கினால் உங்கள் இயந்திரத்துக்கு ஞாபகம் இருக்கிறது என்று அர்த்தம். திறக்க வேண்டிய அவசியமேயில்லை, நல்ல ரைமர் ஒன்று போதும். சில வகைகளில் இந்த வசதி உள்ளே இருந்தும் மூடி வைக்கப்பட்டிருக்கும். ஒரு பொத்தானைச் சில விநாடிகள் அழுத்திப் பிடித்தால் அது திறக்கும். கையேட்டைத் தூக்கி எறியாமல் வைத்திருந்தால் அதில் பாருங்கள்.

நல்ல ரைமர் எது என்பதில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். வட்டமாகச் சுற்றி, ஓரத்தில் சின்னச் சின்னப் பற்கள் உள்ள மலிவான ரைமர் கறன்றில் ஓடும் மணிக்கூடு. இரண்டு மணிநேரம் கறன்ற் போனால் அதுவும் இரண்டு மணிநேரம் நின்றுவிடும். அடுத்த நாள் பத்தரைக்குத் தொடங்க வேண்டியது பன்னிரண்டரைக்குத் தொடங்கும். எங்கள் ஊருக்கு உள்ளே பற்றறி உள்ள டிஜிற்றல் ரைமர்தான் சரி. அடுத்தது, அதன் முதுகில் எழுதியிருப்பதை வாசியுங்கள். 16 என்று பெரிதாகவும், பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் 2 என்று சிறிதாகவும் இருக்கும். 16 அம்பியர் என்பது ஹீற்றர் போன்ற சுமைக்கு. மோட்டார் உள்ள சாமானுக்கு அடைப்புக்குறிக்குள் இருக்கும் எண்தான் கணக்கு. ஒரு கிலோவாற் ஏ.சி 230 வோல்ற்றில் ஓடும்போது நாலரை அம்பியர் அளவில் எடுக்கும். கொம்பிறசர் கிளம்பும் கணத்தில் அதன் பல மடங்கை இழுக்கும். 2 அம்பியர் ரைமரால் அதைத் தினமும் வெட்டிக்கொண்டிருந்தால் உள்ளே பொறி எழுந்து தொடுமுனை கருகும், ஒருநாள் ஒட்டிக்கொள்ளும். பிறகு ரைமர் நிறுத்து என்றாலும் ஏ.சி நிற்காது. ஆகவே ரைமர் நேரடியாக ஏ.சியைச் சுமக்காமல், கொன்ராக்டர் (வீடு கட்டுபவர் அல்ல, மின்காந்தத்தால் இழுபடும் தடித்த சுவிச்) ஒன்றை மட்டும் இயக்கட்டும். சுமையைக் கொன்ராக்டர் சுமக்கட்டும்.

ஞாபகம் இல்லாத ஏ.சிக்கு என்ன செய்வது? வைஃபையில் வேலை செய்து ரிமோட்டைப் போலக் கதிர் அனுப்பும் சிறிய கருவிகள் கடைகளில் வந்திருக்கின்றன. ஏ.சியைத் திறக்காமலே செய்யலாம் என்பதால் பலர் அதைத்தான் சொல்வார்கள். எனக்கு அதில் முழு நம்பிக்கை இல்லை. கறன்ற் போனால் ரவுட்டரும் போகும், ரவுட்டர் எழும்பினாலும் இணையம் வர வேண்டும். இன்னொரு சிக்கலும் உண்டு. பல உருட்டும் ஏ.சிகளின் ரிமோட்டில் தொடங்கவும் நிறுத்தவும் ஒரே சைகைதான். இடையில் யாராவது கையால் நிறுத்தியிருந்தால், காலையில் "நில்" என்று போகும் சைகை அதைத் தொடங்கிவிடும்.

நான் விரும்பும் வழி வேறு. ஏ.சியின் தொடக்கப் பொத்தானின் இரண்டு முனைகளிலும் இரண்டு மெல்லிய வயர்களைப் பற்றவைத்து வெளியே கொண்டுவந்து, ஒரு தாமத றிலேயின் தொடுமுனையில் பூட்ட வேண்டும். அந்த றிலேக்கும் ஏ.சிக்கும் மின்சாரம் ஒரே கொன்ராக்டர் வழியாக ஒரே நேரத்தில் போகும். மின்சாரம் வந்ததும் றிலே நாலு நிமிடம் பொறுத்திருந்து, அரை விநாடி மட்டும் பொத்தானைத் தட்டிவிட்டு ஒதுங்கும். நிறுத்துவதற்குப் பொத்தான் தேவையில்லை, ரைமர் மின்சாரத்தையே துண்டித்துவிடும். மின்சாரம் துண்டிக்கப்பட்ட ஏ.சி எப்போதும் 'நின்ற' நிலையில்தான் திரும்ப விழிக்கும். எனவே அடுத்த தட்டு எப்போதும் "தொடங்கு" என்றே அமையும், குழப்பத்துக்கு இடமில்லை. நடுச்சாமத்தில் கறன்ற் போய் வந்தாலும் இதே சுற்றுத்தான்: நாலு நிமிடம், ஒரு தட்டு, குளிர்.

நாலு நிமிடம் எதற்கு? கொம்பிறசர் நின்றதும் அதன் ஒரு பக்கம் அழுத்தம் கூடவும் மறுபக்கம் குறையவும் இருக்கும். அது சமப்பட மூன்று நிமிடமளவு தேவை. அதற்கு முன் தொடங்கினால் மோட்டார் சுற்ற முடியாமல் திணறிச் சூடாகும். பல இயந்திரங்களில் இந்தத் தாமதம் உள்ளேயே உண்டு. இருந்தாலும் நான் அதை மட்டும் நம்பி விடுவதில்லை.

பூட்டுவதற்கு முன் ஒன்று பார்க்க வேண்டும். பொத்தானை ஒருமுறை தட்டியதும் ஏ.சி குளிர் நிலையில் வருகிறதா, இல்லையென்றால் வெறும் விசிறியாகவா? விசிறியாக வந்தால் இன்னும் பல தட்டுகள் தேவைப்படும். அந்த ஏ.சியில் இந்த வேலையைச் செய்வதை நான் மறுத்துவிடுவேன்.

இனி உயிர் சம்பந்தப்பட்டவை. பொத்தானில் ஓடுவது 5 வோல்ற்தானே என்று நினைக்கக்கூடாது. மலிவான பல பலகைகளில் அந்த 5 வோல்ற் பிரதான மின்சாரத்திலிருந்து பிரிக்கப்படாமலே எடுக்கப்பட்டிருக்கும், பூமியோடு ஒப்பிட்டால் அது 230 வோல்ற். எனவே வெளியே வரும் வயர் பிரதான மின்சாரத்துக்குரிய காப்புள்ளதாகவும், றிலே மூடிய பெட்டிக்குள்ளும் இருக்க வேண்டும். பிளக்கைக் கழற்றிய பின்னும் கொம்பிறசரின் கப்பாசிற்றரில் மின்னேற்றம் தங்கியிருக்கும். இந்த வேலையைத் தெரிந்த மின்னியலாளரிடமே கொடுங்கள். உத்தரவாதக் காலம் முடியாத ஏ.சியைத் திறந்தால் உத்தரவாதம் போய்விடும்.

ஐரோப்பாவிலிருந்து வரும் ஏ.சி என்றால் பின்புறச் சீட்டில் ஆர்-290 என்று இருக்கிறதா என்று பாருங்கள். அது புரொப்பேன், அடுப்புக்குப் பாவிக்கும் எரிவாயுவின் இனம். 2020 ஜனவரி முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் பழைய வகைக் குளிர்வாயு நிரப்பிய உருட்டும் ஏ.சிகளைச் சந்தைக்கு விடத் தடை இருப்பதால், அங்கு பெரும்பாலும் இதுதான் விற்கிறது. பொறி எழக்கூடிய றிலேயோ கொன்ராக்டரோ அதன் உடலுக்குள் வைக்கப்படவே கூடாது, தள்ளிச் சுவரில்தான் பூட்ட வேண்டும். கனடாவிலிருந்து வரும் ஏ.சியோ 120 வோல்ற், 60 ஹேர்ட்ஸ். அதை இங்கே கொண்டுவருவதற்குச் செலவழிக்கும் காசுக்கு இங்கேயே ஒன்று வாங்கலாம்.

இடம்பெயர்ந்து பல வருடங்களுக்குப் பிறகு திரும்பிய வீடுகளில் இன்னும் பழைய 5 அம்பியர் உருண்டை முனைச் சொக்கெற் இருக்கிறது. அதில் மாற்றுப் பிளக் போட்டு ஏ.சியைச் செருகுவது தீயைக் கூப்பிடுவது. பிரதான பெட்டியிலிருந்து தனி வயர் இழுத்து 13 அம்பியர் சொக்கெற் போடுங்கள். பூமிக் கம்பி உண்மையாகவே பூமிக்குப் போகிறதா என்று அளக்கச் சொல்லுங்கள். ட்ரிப் சுவிச்சின் சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை தட்டிப் பாருங்கள். இரவு ஏழுக்கும் பத்துக்கும் இடையில் வோல்ற் அளவையும் ஒருக்கால் பாருங்கள். 216க்குக் கீழே அடிக்கடி இறங்கினால் அது விதிப்படியான அளவே அல்ல, மின்சாரம் வழங்கும் நிறுவனத்துக்கு முறைப்பாடு எழுதலாம்.

தண்ணீரை மறந்தால் இவ்வளவும் வீண். எங்கள் ஈரக்காற்றில் ஏ.சியின் தொட்டி இரவுக்குள்ளேயே நிறைந்து, இயந்திரம் தன்னைத்தானே நிறுத்திவிடும். ரைமரால் ஒன்றும் செய்ய முடியாது. கீழே உள்ள அடைப்பானைக் கழற்றிக் குழாய் பூட்டி, ஏ.சியை உறுதியான பலகையில் சற்று உயர்த்தி, தண்ணீரை வெளியே விடுங்கள்.

பில்லுக்கு வருவோம். ஒரு கிலோவாற் ஏ.சி இரவு பத்தரையிலிருந்து ஐந்தரைவரை நிற்காமல் ஓடினால் ஏழு அலகு, மாதம் 210. வீட்டுக் கட்டணத்தின் கடைசிப் படியான 180ஐ அது ஒன்றே தாண்டிவிடும். வெக்கை அடங்கும் இரண்டு மணிவரை மட்டும் என்றால் மாதம் 105. 25, 26 பாகையில் வைத்தால் கொம்பிறசர் இடையிடையே நின்று இதிலும் குறையும். முள்ளந்தண்டுக் காயக்காரருக்கு அதற்கு மேல் குளிர் தேவையுமில்லை. உணர்வில்லாத தோலில் நேராகக் குளிர் அடிப்பதும் கூடாது, காற்று சுவர்ப்பக்கம் போகட்டும்.

வலிகாமத்து வீட்டில் வேலை முடிந்ததும் பிரதான சுவிச்சை மூன்று தடவை போட்டுப் போட்டு நிறுத்தினேன். மூன்று தடவையும் நாலு நிமிடம் கழித்து ஏ.சி எழும்பியது. தாயாருக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான்: கருகல் மணமோ வழமையில்லாத சத்தமோ வந்தால் எதை நிறுத்துவது. அந்தச் சுவிச்சில் சிவப்பு நாடா ஒட்டி, பெரிய எழுத்தில் "இது" என்று எழுதிவிட்டு வந்தேன்.