கோர்ட் படி ஏறும் முன் – 14: எந்த உத்தரவுக்கு அப்பீல் உண்டு?

சிவில் வழக்கின் நடுவே போடப்படும் இடைக்கால மனுக்களைச் சென்ற வாரம் பார்த்தோம். அந்த மனுவில் உத்தரவு நமக்கு எதிராக வந்தால் அப்பீல் போகலாமா?

எல்லா உத்தரவுக்கும் அப்பீல் கிடையாது. சட்டம் எங்கே கொடுத்திருக்கிறதோ, அங்கே மட்டும்தான். 1908-ம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில், டிகிரி எனப்படும் தீர்ப்பாணைக்கு 96-வது பிரிவின்படி அப்பீல் உண்டு. மற்ற உத்தரவுகளில், 104-வது பிரிவும் கட்டளை 43-ம் பட்டியலிட்டவற்றுக்கு மட்டும் உண்டு. வக்கீல்கள் சி.எம்.ஏ. (சிவில் மிசலேனியஸ் அப்பீல்) என்பது இதைத்தான். தற்காலிக உறுத்துக் கட்டளை தந்தாலும் மறுத்தாலும், எக்ஸ்பார்ட்டி எனப்படும் ஒருதலைத் தீர்ப்பை ரத்து செய்ய மறுத்தாலும் சி.எம்.ஏ. போடலாம்.

ஒரே மனுவில் வாதிக்கு ஒரு வழி, பிரதிவாதிக்கு வேறு வழி என்றும் அமையும். பிராதை, அதாவது வாதியின் வழக்குரையை, நிராகரிக்கும்படி பிரதிவாதி மனுப் போடுகிறார். நிராகரித்தால் அது டிகிரிக்குச் சமம். வாதி அப்பீல் போகலாம். மனு தள்ளுபடியானால் பிரதிவாதிக்கு அப்பீல் இல்லை. உயர் நீதிமன்றத்தில் சீராய்வு மனுதான். பிராதைத் திருத்த அனுமதிப்பது போன்ற உத்தரவுகளுக்கும் அப்பீல் இல்லை. ஆனால் 105-வது பிரிவின்படி, இறுதித் தீர்ப்பை எதிர்த்து அப்பீல் போகும்போது அந்தக் குறையையும் ஒரு காரணமாகச் சேர்க்கலாம்.

பாகப்பிரிவினை வழக்கு நடத்துபவர்கள் 97-வது பிரிவை மறக்கவே கூடாது. யாருக்கு எத்தனை பங்கு என்று முடிவு செய்வது முதல்நிலைத் தீர்ப்பாணை. “கமிஷனர் வந்து அளக்கட்டும், கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்” என்று அப்போது அப்பீல் போகாமல் சும்மா இருந்துவிட்டால், இறுதித் தீர்ப்பாணை மீதான அப்பீலில் பங்கின் அளவு தவறு என்று வாதிட முடியாது. பூர்வீக நிலத்தில் உரிய பங்கை இப்படிக் கோட்டைவிடுவது பெரும் கொடுமை. இரு தரப்பும் சம்மதித்துப் பெற்ற சமரசத் தீர்ப்பாணைக்கும் அப்பீல் இல்லை. கையெழுத்துக்கு முன்பே யோசியுங்கள்.

அப்பீலுக்கான கெடு, மாவட்ட நீதிமன்றம் போன்ற கீழமை நீதிமன்றங்களில் 30 நாள். உயர் நீதிமன்றத்தில் 90 நாள். சான்றிட்ட நகல் பெறத் தேவைப்பட்ட காலம் இந்தக் கணக்கில் சேராது. நகலில் மனுப் போட்ட தேதி, கட்டணம் கேட்ட தேதி, கட்டிய தேதி, நகல் தயாரான தேதி எல்லாம் குறிக்கப்பட்டிருக்கும். கெடு முடிந்ததா இல்லையா என்பதை அந்தத் தேதிகளைக் கொண்டுதான் கணக்கிடுவார்கள். கட்டணம் கட்டுவதில் நாம் காட்டும் மெத்தனம் நம் தலையில்தான் விடியும். தாமதத்தை மன்னிக்கக் கோரலாம். ஆனால் போதிய காரணம் காட்ட வேண்டும்.

அப்பீல் போட்டதாலேயே கீழ்க்கோர்ட் தீர்ப்பு நின்றுவிடாது. தடை உத்தரவைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும்.

ஆகவே, உத்தரவு வந்த அன்றே நகல் மனுப் போடுங்கள். “இதற்கு அப்பீலா, சி.எம்.ஏ.வா, சீராய்வா? கடைசி நாள் எது?” என்று உங்கள் வக்கீலிடம் கேட்டு, தேதியைக் குறித்து வையுங்கள்.

(தொடரும்)