எய்ப்பன்றியும் மலைக்காணியின் வில்லும்

திருவனந்தபுரத்துக் கோட்டைப் பகுதியில் ஆண்டுக்கு இருமுறை ஓர் அம்பு பாய்கிறது. ஐப்பசியிலும் பங்குனியிலும் ஸ்ரீபத்மநாபசுவாமி கோயிலில் நிகழும் பத்து நாள் திருவிழாவின் ஒன்பதாம் நாள் இரவு, பழைய திருவிதாங்கூர் அரச குடும்பத்தின் தலைவர் வில்லேந்திச் சென்று ஓர் இளநீரை எய்கிறார். இதற்குப் பள்ளிவேட்டை என்று பெயர். வேட்டைக்களம் சேரும்வரை ஊர்வலத்தில் வாத்திய ஒலி எழுவதில்லை. வேட்டைக்குப் போகிறவர் ஓசைபடாமல் செல்லவேண்டுமன்றோ? அம்பு தைத்த பின்னரே சங்கும் மேளமும் முழங்கக் கோயிலுக்குத் திரும்புகிறார்கள். மறுநாள் சங்குமுகம் கடற்கரையில் ஆறாட்டு. அந்த ஊர்வலம் கடந்து செல்வதற்காக விமான நிலையத்தின் ஓடுபாதையையே மூடிவைப்பது இவ்வூருக்கே உரிய புதுமை. கரமனையிலும் வலியசாலையிலும் கோட்டையைச் சுற்றியும் தலைமுறை தலைமுறையாக வாழும் தமிழன்பர்களுக்கு இவை பழகிய காட்சிகள்.

இளநீர் ஓடுவதில்லை, காயம்பட்டு வளைக்குள் புகுவதுமில்லை. உயிருள்ள விலங்கை, அதிலும் நிலத்தைத் தோண்டி அதனுள் ஒளிந்து வாழும் விலங்கை, வில்லால் வெல்வது எத்தகைய செயல்? இதே மாவட்டத்தின் கிழக்கெல்லையில், அகத்தியர்மலை அடிவாரத்தில், பயிர் செய்து பிழைப்போருக்கு இக்கேள்வி வெறும் பொழுதுபோக்கன்று. ஆகவே இதனைச் சற்று விரிவாகவே பார்ப்போம்.

வட அமெரிக்காவில் கிரவுண்ட்ஹாக் என்றொரு பிராணி உண்டு. அப்பெயரைத் தமிழில் சொன்னால் 'நிலப்பன்றி' என்றாகும். உண்மையில் அது பன்றியன்று, அணிற்குடும்பத்தைச் சேர்ந்தது. நம் இமயமலையில் வாழும் மார்மட் என்னும் பிராணிக்கு நெருங்கிய உறவு. இரண்டு முதல் ஆறு கிலோ எடையுள்ள இப்பிராணி வயலோரங்களில் ஆழமாக வளை தோண்டும். பயறு வகைகளையும் காய்கறிச் செடிகளையும் மேய்ந்துவிடும். குழியில் கால் வைத்துக் கால்நடைகள் இடறுகின்றன என்பது அந்நாட்டு உழவர்களின் பழைய முறையீடு. அங்கே மான் வேட்டைக்கெனக் குறித்த பருவம் வருவதற்கு முன்னர், கோடைக்காலத்தில் கைப்பழக்கம் கெடாமலிருக்க வில்வேட்டைக்காரர் பலர் இதனைக் குறிவைப்பர். அதற்கு அப்பிராணியின் பழக்கமே துணை செய்கிறது. அது பகலில் வெளிவரும். வளைவாயிலுக்கு அருகிலேயே மேயும். அடிக்கடி பின்னங்கால்களில் நிமிர்ந்து நின்று சுற்றுமுற்றும் பார்க்கும். மறைந்திருந்து காத்திருப்பவனுக்கு அந்த ஒரு கணம் போதும்.

நம் மலைகளில் அதனிடத்தில் வாழ்வது முள்ளம்பன்றி. இதுவும் பெயரளவில்தான் பன்றி; எலியையும் அணிலையும் போலக் கொறித்துண்ணும் இனம். ஆங்கிலத்தில் வழங்கும் பார்க்குபைன் என்ற சொல்லும் இலத்தீனில் பன்றியையும் முள்ளையும் குறிக்கும் இரு சொற்களிலிருந்து வந்ததேயாகும். இந்தப் பிராணியைக் கண்டதும் எல்லா நாட்டாருக்கும் பன்றியே நினைவுக்கு வந்தது போலும்! தமிழில் இதற்கு எய்ப்பன்றி என்றும் எய்ம்மான் என்றும் பழம் பெயர்கள் உண்டு. மலையாளத்தில் இன்றும் எய்யன் என்பார்கள். எய்தல் என்றால் அம்பு விடுதல். தன் முட்களை அம்புபோல எய்யும் என்று நம்பியே இப்பெயரை இட்டார்கள் எனக் கருத இடமுண்டு. ஆனால் முள்ளம்பன்றி முள்ளை எய்வதில்லை. முட்களைச் சிலிர்த்து, வாலிலுள்ள உட்குழலான முட்களைச் சலசலவென ஒலிக்கச் செய்து முதலில் எச்சரிக்கும். பகை விலகாவிட்டால் சட்டெனப் பின்புறமாகப் பாய்ந்து குத்தும். தளர்ந்த முட்கள் பகைவனின் உடலில் தைத்து நின்றுவிடும். குமாவோன் மலையில் முக்தேசர் பகுதியில் மனிதரைக் கொன்று திரிந்த பெண்புலி, முள்ளம்பன்றியோடு பொருது ஒரு கண்ணை இழந்து, முன்காலில் முட்கள் பொதிந்த நிலையில் இருந்ததாக ஜிம் கார்பெட் எழுதியிருக்கிறார். வேறு இரை பிடிக்க இயலாமற் போனதே அது ஆட்கொல்லியானதற்குக் காரணம் என்பது அவர் கருத்து.

சீமந்தச் சடங்கில் வகிடெடுக்க முள்ளம்பன்றி முள்ளைப் பயன்படுத்தும் வழக்கம் நம் குடும்பங்கள் பலவற்றில் உண்டு. வீட்டுப் பேழையில் அந்த முள் ஒன்றைப் பார்த்திருப்போரிற் பலர் அதற்குரிய பிராணியைப் பார்த்திருக்க மாட்டார்கள். காரணம் அது இரவில் மட்டுமே நடமாடுவது. பகல் முழுதும் தான் தோண்டிய வளையிலோ பாறையிடுக்கிலோ கிடக்கும். வளைவாயிலில் கடித்த எலும்புத் துண்டுகளும் மான் உதிர்த்த கொம்புகளும் சிதறிக் கிடந்தால் உள்ளே ஆள் இருக்கிறது என்று அறியலாம். சுண்ணச்சத்துக்காக அவற்றை அது கொறிக்கும். வளர்ந்த முள்ளம்பன்றி 11 முதல் 18 கிலோ வரை எடையிருக்கும். கிழங்கு, வேர், மரப்பட்டை, விழுந்த பழங்கள் இவையே உணவு. இளந்தென்னங்கன்றின் குருத்து இதற்கு மிகவும் பிடிக்கும். எல்லாவற்றிலும் மேலானது மரவள்ளிக்கிழங்கு. நாகர்கோவில் பக்கத்துத் தமிழர் மரச்சீனி என்றும் மலையாளிகள் கப்பை என்றும் சொல்லும் அதே கிழங்குதான். 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா ஏழை மக்களின் பசி தீரவேண்டுமென்று அதன் சாகுபடியைப் பெரிதும் ஊக்குவித்தார். மலையடிவாரத்தில் அந்த ஊக்கத்தின் பயனை எய்ப்பன்றியும் பங்கிட்டுக்கொள்கிறது. மாலையில் செழித்து நின்ற செடி காலையில் சாய்ந்து கிடக்கும்; அடியில் கிழங்கு இராது.

இந்த அடிவாரத்தில்தான் காணிகள் வாழ்கிறார்கள். நெய்யாற்றின்கரை, நெடுமங்காடு வட்டங்களின் காடுகளிலும், 1956 நவம்பர் 1 முதல் தமிழகத்தோடு இணைந்த கன்னியாகுமரி மாவட்டத்திலும், மலைக்கு அப்பால் பாபநாசம் பகுதியிலும் பரவியுள்ள பழங்குடியினர் இவர்கள். மாநில எல்லை இவர்களுடைய உறவுகளுக்கு நடுவே ஓடுகிறது. ஊர்த் தலைவரை மூட்டுக்காணி என்பர். மந்திரமும் மருந்தும் அறிந்தவர் பிலாத்தி. கொக்கரை என்னும் இரும்புக் கருவியை உரசி ஒலித்து இரவெல்லாம் சாற்றுப்பாட்டுப் பாடுவர். ஓணத்துக்கு முன் காட்டு விளைபொருள்களோடு கவடியார் அரண்மனைக்கு வந்து காணிக்கை வைக்கும் வழக்கத்தை இன்றும் விடவில்லை. இவர்களுடைய பழைய கருவிகளுள் வில்லும் அம்பும் அடங்கும்.

ஆனால் எய்ப்பன்றிக்கு எதிராக வில் எவ்வளவு பயன்படும்? இங்கே வில்லின் இயல்பைத் தெரிந்துகொள்வது நலம். துப்பாக்கிக் குண்டு வேகத்தாலும் அதிர்ச்சியாலும் கொல்கிறது. அம்போ வெட்டிக் கொல்கிறது. குருதி வடிந்தே விலங்கு வீழும். அதனால் அம்பு பட்ட விலங்கு பெரும்பாலும் பட்ட இடத்திலேயே விழாது. சிறிது தூரமேனும் ஓடும். மானாயின் குருதித் தடம் பார்த்துப் பின்தொடரலாம். வளைவாழ் விலங்குக்கு நாலடி தூரத்தில் வாயில் திறந்திருக்கிறது. உள்ளே புகுந்துவிட்டால் வேட்டைக்காரனுக்கு இறைச்சியுமில்லை, விலங்குக்கு விரைவான சாவுமில்லை. ஆகையால் இருபது முப்பது கஜத்துக்கு மேற்பட்ட தூரத்திலிருந்து எய்வதைத் தேர்ந்த வில்லாளி விரும்பமாட்டான். தலை அல்லது தோளுக்குப் பின்னுள்ள உயிர்நிலை தெளிவாகத் தெரியாதபோது நாணைத் தொடவும் மாட்டான். அமெரிக்க நிலப்பன்றி பகலில் நிமிர்ந்து நின்று அந்த வாய்ப்பைத் தருகிறது. நம் எய்ப்பன்றி இருளில் வருகிறது. ஆபத்தை உணர்ந்ததும் உயிர்நிலையை முன்னே மறைத்து ஓரடிக்கும் மேற்பட்ட முட்கள் அடர்ந்த பின்புறத்தையே காட்டுகிறது. இருளும் முள்ளும் வளையும் சேர்ந்து காக்கும் ஓர் உயிரை அம்பினால் வீழ்த்துவது எளிய செயலன்று.

மலைமக்கள் இதை நன்கறிவர். பயிரைக் காக்க அவர்கள் நம்பியது வில்லை மட்டுமன்று. சாய்த்து நிறுத்திய பெருங்கல்லின் அடியில் இரை வைத்து, விலங்கு தொட்டதும் கல் விழும்படி அமைக்கும் பொறிக்குப் பழந்தமிழில் அடார் என்று பெயர். தினைப்புனம் காத்த குறவர்கள் இதை அறிந்திருந்தார்கள். மரத்தின்மேல் பரண் கட்டி இரவு காவலிருந்து கூவியும் தகரம் தட்டியும் விரட்டுவது இன்னொரு வழி. மலையாளத்தில் அந்தப் பரணை ஏறுமாடம் என்பர். அம்புக்குப் பதிலாக மண்ணுருண்டையோ கூழாங்கல்லோ வைத்துத் தெறிக்கும் உண்டைவில்லும் உண்டு. அது கொல்லாது, சுளீரென்று பட்டு விரட்டும். கூனியின் முதுகில் இராமன் விளையாட்டாக உண்டை தெறித்த கதையை நாம் கம்பனில் படித்திருக்கிறோம். திருவனந்தபுரத்தைப் பாடிய நம்மாழ்வாரும் உண்டைவில்லைத் தம் பாசுரத்தில் குறிப்பிட்டிருக்கிறார். பயிர்க்காவலுக்கு அம்பைவிட உண்டையே தகுந்தது என்று நமக்குத் தோன்றுகிறது.

இனி சட்டம் கூறுவதைப் பார்ப்போம். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டை என்னும் சொல்லுக்கு மிக விரிந்த பொருள் தருகிறது. கொல்வது மட்டுமன்று, பிடிப்பது, கண்ணி வைப்பது, துரத்துவது, இரை காட்டி இழுப்பது, இவற்றுக்கு முயல்வதுங்கூட வேட்டையே. ஆயுதம் எவை என்று விளக்குமிடத்தில் வில்லும் அம்பும் பெயர் சொல்லியே சேர்க்கப்பட்டுள்ளன. 1991-இல் வந்த திருத்தத்துக்குப் பின் பொழுதுபோக்கு வேட்டைக்கு உரிமம் பெறும் வழியும் அடைபட்டது. முள்ளம்பன்றி பாதுகாக்கப்பட்ட விலங்கு. 1958-இல் நெய்யாறும் 1983-இல் பேப்பாறையும் சரணாலயங்களாயின. சரணாலய எல்லைக்குள் அனுமதியின்றி ஆயுதத்தோடு நுழைவது குற்றம். எனவே தந்தை விட்டுச்சென்ற வில்லைத் தோளில் மாட்டிக்கொண்டு காணி ஒருவர் தம் முன்னோர் நடந்த பாதையில் இன்று நடக்க இயலாது.

இதற்கு விலக்கு இல்லையா என்று நேயர்கள் கேட்கலாம். நிக்கோபார் தீவுகளின் பழங்குடியினருக்கு மட்டும் வேட்டையுரிமையை அச்சட்டம் விட்டுவைத்திருக்கிறது. 2006-இல் இயற்றப்பட்ட வனவுரிமைச் சட்டம் காணிகளைப் போன்றோர்க்கு நிலத்திலும் தேன், கிழங்கு, மூலிகை முதலிய சிறு விளைபொருள்களிலும் உரிமை வழங்கியது. பரம்பரையாகச் செய்துவந்த பிற செயல்களையும் ஏற்றது. வேட்டையை மட்டும் வெளிப்படையாக விலக்கியது. பயிரைப் பாழாக்கும் விலங்கு மிகவும் கேடு விளைவித்தால் தலைமை வனவிலங்குக் காப்பாளர் எழுத்து மூலம் ஆணையிடலாம் என்றொரு வழி உண்டு. காட்டுப்பன்றியால் நேர்ந்த தொல்லை பெருகவே, 2022-இல் கேரள அரசு அவற்றைச் சுட அனுமதிக்கும் அதிகாரத்தை உள்ளாட்சித் தலைவர்களுக்கு அளித்தது. அந்த ஏற்பாடு காட்டுப்பன்றிக்கே உரியது. முள்ளம்பன்றியைப் பெயரளவில் பன்றி என்று சொல்லி அதில் சேர்த்துவிட முடியாது!

சட்டம் கடுமையானதென்று காணி கருதினால் அவரைக் குறை கூற நமக்கு மனம் வரவில்லை. காட்டைக் காலி செய்தவை காணியின் வில்லும் அம்பும் அல்ல. நகரத்திலிருந்து வந்த துப்பாக்கியும், இறைச்சி விற்பனையும், முள்ளம்பன்றிக் கறி மூச்சுமுட்டலைப் போக்கும் என்னும் ஆதாரமற்ற நம்பிக்கையும், கம்பிச் சுருக்குமே பெருங்கேடு செய்தன. கம்பிச் சுருக்கு விலங்கை இனம் பார்ப்பதில்லை. எய்ப்பன்றிக்கு வைத்தது சிறுத்தையின் இடுப்பை இறுக்கும். வில்லாளியோ தான் எய்யப்போகும் உயிரைக் கண்ணால் கண்டாகவேண்டும். இவ்விரண்டையும் ஒரே வாக்கியத்தில் அடக்கிய சட்டம் எளிதாக நடத்தத்தக்கது என்பது உண்மை. நுட்பமானது என்று சொல்ல முடியாது. ஆயினும் வில்லுக்கு விலக்களித்தால் அந்த விலக்கின் நிழலில் சுருக்கும் நுழையும் என்று அதிகாரிகள் அஞ்சுவதிலும் நியாயம் உண்டு. நாம் கேட்பது வேறு: விலங்கைக் காப்பதன் செலவை மலையடிவாரத்து மரச்சீனித் தோட்டம் ஒன்றே ஏன் தாங்கவேண்டும்? கேரளத்தில் வனவிலங்கால் நேரும் இழப்புக்கு ஈடு வழங்க 1980-இலேயே விதிகள் வகுக்கப்பட்டன. யானை மிதித்த தோட்டத்தில் அடிச்சுவடு தெரியும். நிலத்தடியில் போன கிழங்குக்குச் சாட்சி சொல்ல யார் இருக்கிறார்கள்?

ஆகவே இன்று உழவர் கையில் எஞ்சியிருப்பவை வேலியும் விதைத்தேர்வும்தான். எய்ப்பன்றி மரமேறுவதிலோ தாண்டுவதிலோ வல்லதன்று; தோண்டுவதில் வல்லது. தரைக்குமேல் மட்டும் நிற்கும் வேலி அதற்கு வேலியே அன்று. தகரத்தையோ கம்பி வலையையோ ஒரு முழமாவது மண்ணுக்குள் இறக்கி நாட்டவேண்டும். தென்னங்கன்றைச் சுற்றியும் இப்படியே செய்யலாம். மரச்சீனியில் கசப்பு மிகுந்த வகைகள் உண்டு. அவற்றிலுள்ள நச்சுப்பொருள் காரணமாக விலங்குகள் அவற்றை அவ்வளவாக விரும்புவதில்லை. காட்டோரத் தோட்டத்தின் வெளிவரிசைகளில் இவ்வகையை நட்டு, உண்பதற்கு இனிய வகையை உள்ளே பயிரிடுவது சிக்கனமான காவல். கசப்பு வகையைச் சமைப்போர் தோலை நீக்கித் துண்டாக்கி, நிறைய நீரில் நன்கு வேகவைத்து, அந்த நீரை முற்றும் வடித்துவிடவேண்டும். இதில் சோம்பல் கூடாது. எந்த வகை எந்த மண்ணுக்கு ஏற்றது என்று அறிய விரும்புவோர் திருவனந்தபுரத்தை அடுத்த ஸ்ரீகாரியத்தில் 1963 முதல் இயங்கிவரும் மத்தியக் கிழங்குப் பயிர் ஆராய்ச்சி நிலையத்தாரைக் கேட்கலாம். மூட்டுக்காணியின் தோட்டத்துக்கும் நகரத்துத் தமிழரின் கொல்லைப்புறத்துக்கும் அங்கே கிடைக்கும் விதைக்கம்பு ஒன்றே.