உம்மா சாப்பிட மறுக்கவில்லை, விழுங்க முடியவில்லை

"உம்மாவுக்கு ஒழுங்காகச் சாப்பாடு கொடுப்பதில்லையா?" நோய் பார்க்க வரும் உறவினர்கள் சாதாரணமாகக் கேட்டுவிடுகின்றனர். இரவு பகலாகப் பராமரிக்கும் மகளோ மருமகளோ அந்த ஒரு கேள்வியில் உடைந்துபோகிறார்.

டிமென்ஷியா வெறும் மறதியல்ல. மூளையின் கலங்களைப் படிப்படியாக அழிக்கும் நோய். அதன் முக்கிய வகையான அல்சைமரின் கடைசிக் கட்டத்தில் பேச்சு ஒருசில சொற்களாகச் சுருங்கும். பின்னர் நடை, தனியே உட்காருதல், புன்னகை என ஒவ்வொன்றாகப் போகும். விழுங்கும் ஆற்றலும் இவ்வாறே குறையும்.

ஆகவே, சோற்றை வாயிலேயே வைத்திருப்பதும் வாயை இறுக மூடுவதும் பிடிவாதமல்ல. வற்புறுத்தி ஊட்டினால் உணவு சுவாசக் குழாய்க்குள் சென்று நிமோனியா ஏற்படலாம். இந்நோயாளர் பலரின் மரணத்துக்கு அதுவே காரணம்.

நிமிர்த்தி உட்காரவைத்து, சிறு கரண்டியால் ஊட்டுங்கள். விழுங்கியதைப் பார்த்த பின்பே அடுத்த வாய். இருமினால் நிறுத்துங்கள். வாயைச் சுத்தமாக வைத்திருங்கள். திடீரென உணவை ஒதுக்கினால் பல்வலி, வாய்ப்புண், மலச்சிக்கல், கிருமித்தொற்று உண்டா என வைத்தியரிடம் காட்டுங்கள்.

குழாய் மூலம் உணவு கொடுப்பது இக்கட்டத்தில் ஆயுளை நீட்டுவதாகவோ நிமோனியாவைத் தடுப்பதாகவோ நிரூபிக்கப்படவில்லை. அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கம் 2014இல் அதனைப் பரிந்துரைக்காமல், கையால் கவனமாக ஊட்டுவதையே வலியுறுத்தியது.

உண்ணும் அளவு குறைவது நோயின் போக்கு, பராமரிப்பவரின் குறையல்ல. பார்க்கச் செல்பவர்கள் கேள்வியை விடுத்து, ஒரு வேளை ஊட்டும் பொறுப்பை ஏற்றால் அதுவே பேருதவி.