வென்ட் பைப் ஓரமா ஓட்டுக்கூரை ஒழுகுதா? மழைக்கு முன்னாடியே சரிபண்ணுங்க

அலங்காநல்லூர் பக்கம் பழைய ஓட்டு வீட்டுத் தாழ்வாரத்தில் கழிப்பறை கட்டும்போது, சிலர் வென்ட் பைப்பைக் கூரை வழியாகவே மேலே ஏற்றிவிடுகிறார்கள். ஐப்பசி மழை பிடித்ததும் அந்த இடத்தில்தான் முதல் சொட்டு விழும்.

உடனே சிமெண்டைக் குழைத்துப் பூசுகிறோம். ஆனால் பிவிசி பைப் வெயிலில் நீளும், இரவில் சுருங்கும், சிமெண்ட் அசையாது. அதனால் அடுத்த மழைக்குள் விரிசல் விட்டுவிடும்.

ஒழுகலுக்கு என்ன வழி?

தண்ணீரைத் தடுக்க வேண்டாம், வழிய விடுங்கள். ஓடு வேய்வதும் இதே கணக்குதான்: மேல் ஓடு கீழ் ஓட்டின் மேல் ஏறி உட்காரும்.

1. பைப்பைச் சுற்றியுள்ள ஓடுகளையும் அதற்கு மேல் வரிசையையும் கழற்றுங்கள்.
2. வளையக்கூடிய அலுமினியத் தகட்டில் பைப் நுழையும் அளவுக்கு ஓட்டை போட்டு, பைப் வழியாக இறக்குங்கள்.
3. தகட்டின் மேல் விளிம்பு மேல் வரிசை ஓட்டுக்கு அடியில் போகணும். கீழ் விளிம்பு கீழ் வரிசை ஓட்டுக்கு மேலே படியணும். இது மாறினால் தண்ணீர் நேராக வீட்டுக்குள்தான்.
4. பைப்பும் தகடும் சேரும் இடத்தில் ரப்பர் வளையம் மாட்டி, கிளாம்ப் போட்டு இறுக்கி, மேல் ஓரத்தில் சிலிகான் தடவுங்கள்.
5. மேலிருந்து ஒரு குடம் தண்ணீரை மெதுவாக ஊற்ற, உள்ளே ஒருவர் நின்று பார்க்கட்டும்.

இதை மட்டும் செய்யாதீங்க

ஒழுகுதே என்று பைப்பை வெட்டி அடைத்துவிடாதீர்கள். செப்டிக் டேங்கில் உருவாகும் மீத்தேன் தீப்பற்றக்கூடியது. அழுகிய முட்டை நாற்றமடிக்கும் ஹைட்ரஜன் சல்பைடு நச்சு வாயு. இரண்டும் வெளியேறத்தான் அந்தப் பைப். அதன் வாயில் நைலான் வலை மட்டும் கட்டுங்கள், கொசு வராது.

ஓட்டின் மேலும் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டின் மேலும் நேராக மிதிக்காதீர்கள், உடைந்து விழ நேரிடும். பலகை போட்டு ஏறுங்கள், துணைக்கு ஆள் இருக்கட்டும். பக்கத்தில் மின்கம்பி போனால் ஏறாமல், மின்னகம் 94987 94987 எண்ணில் முதலில் சொல்லுங்கள்.

மழை பெய்யும்போதே ஒழுகும் இடத்தை செல்போனில் படம் எடுத்து வைத்தால், கொத்தனாருக்கு வேலை பாதி குறையும்.

புதிதாகக் கட்டுபவர்களுக்கு இந்தத் தொல்லையே வேண்டாம்: பைப்பை வெளிச்சுவரோடு, கூரை விளிம்பைத் தாண்டி ஏற்றுங்கள். ஓட்டையே இல்லாவிட்டால் ஒழுகல் ஏது?